குழாய் கழுவிய ஞாயிறு

சண்டை போட்ட இரண்டு பேருக்கு நடுவில் நின்று சமாதானம் செய்வது எப்படி என்று யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால் தாராளமாக என்னிடம் வரலாம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே அதைச் செய்து முடித்தவள் நான். ஒரு வருஷத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பெண்களை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சேர்த்து வைத்தேன். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. தண்ணீர்தான் நிறையச் சிந்தியது.

அப்போது நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. இரண்டு தாத்தாக்களும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். காக்கிச் சட்டை போட்டு, சைக்கிளில் ஏறி, சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைந்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அப்பாதான். எங்களுக்கு மாடி வீடு. படியேறி வந்தால் இடது பக்கம் எங்கள் வாசல், வலது பக்கம் எதிர் வீட்டு வாசல். நடுவில் ஒரு பாய் விரிக்கிற அகலம்தான் இருக்கும்.

எதிர் வீட்டில் இருந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அத்தை, மாமா என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. குவார்ட்டர்ஸில் பெரியவர்கள் எல்லாருமே யாருக்காவது அத்தையும் மாமாவும்தான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். மீசை முளைத்த ஒரு மகன் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான், பொங்கலுக்கு வருவான்.

சண்டைக்குக் காரணம் குழாய். மாடியில் இருந்த இரண்டு வீட்டுக்கும் ஒரே பைப்தான் மேலே ஏறி வந்து, கடைசியில் இரண்டாகப் பிரியும். கோடையில் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டால் நாங்கள் குழாயைத் திறந்ததும் அத்தை வீட்டில் நின்றுபோகும். அத்தை திறந்தால் எங்கள் வீட்டில் நூல் மாதிரி வடியும். கட்டினவனைத் திட்ட வேண்டிய விஷயம். ஆனால் கட்டினவன் கண் முன்னால் இல்லை, எதிர் வீட்டுக்காரி இருந்தாள். அப்படி ஒரு கோடையில்தான் அம்மா வாசலில் நின்றுகொண்டு, பக்கத்தில் யாருமே இல்லாதபோது, "சில பேரு தண்ணி புடிக்கல, உறிஞ்சிகினு கீறாங்க" என்று கைப்பிடிச் சுவரிடம் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் நேர்ப் பேச்சுதான் நின்றது. ஜாடைப் பேச்சு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அத்தை பால்காரரிடம் ஏதாவது சொல்வாள், அது அம்மாவுக்கு. அம்மா என்னை அதட்டுவாள், அது அத்தைக்கு. நான் எந்தத் தப்பும் செய்யாமலேயே அந்த வருஷம் வாங்கிய திட்டில் பாதிக்கு மேல் எதிர் வீட்டு முகவரிக்குப் போனவை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு முக்கியமான பதவியில் இருக்கிறோம் என்கிற எண்ணம்தான் இருந்தது.

இந்த நிலைமையில்தான் சித்தி பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டதால் தாய் வீட்டுச் சீர் எல்லாம் அம்மாதான் செய்தாக வேண்டும். சித்தி வாழ்க்கைப்பட்ட இடம் பூந்தமல்லி. அங்கே சொந்தக் கிணறு, அதில் மோட்டார். அந்தக் கிணற்றின் பெருமையைப் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவார் சித்தியின் மாமியார். வளைகாப்பு அன்றைக்கே எல்லார் முன்னாலும், "அக்கா ஊட்லயா பிரசவம்? அங்க தண்ணிக்கே தவம் கெடக்கணுமாமே. புள்ளைக்கு எத்தக் கொண்டு குளிப்பாட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டார். சித்தி வளையல் போட்ட கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள். "உன் மாமியா இங்க வரணும். பேரப்புள்ளைக்குத் தன் கையால தண்ணி ஊத்தணும். ஒரு கொறை சொல்லாம சாப்ட்டு, உன்னியும் புள்ளையையும் கூட்டிகினு போவணும். அத நான் செய்யலன்னா, நான் உனக்கு அக்கா இல்ல" என்றாள். ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு. வந்த இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அந்த மாமியார் அதை அன்றோடு விட்டுவிடுகிற ரகம் இல்லை. அந்த வீட்டில் சித்தி பிடிக்கிற ஒவ்வொரு குடத்துக்கும் அதைக் கேட்டாக வேண்டியிருக்கும். இது பத்து வயதில் எனக்கே தெரிந்திருந்தது.

அந்த வாரம்தான் குவார்ட்டர்ஸைப் பராமரிக்கிற எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு பிளாக் முன்னாலும் மணியடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மெயின் குழாயைக் கழுவப் போகிறார்களாம். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் தண்ணீர் வரும், பிறகு மூடிவிடுவார்கள், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல்தான் திறப்பார்கள். கழுவினால் முதலில் என்ன வரும் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் பிளாக்கில் யாரும் கேட்கவும் இல்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் அம்மா இருந்தாள். தண்ணீர் விஷயத்தில் எங்கள் பிளாக்குக்கு அம்மா சொன்னதுதான் சட்டம். எந்த நேரத்துக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், எந்தக் குடத்தில் பிடித்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எல்லாம் அம்மாவிடம் வந்து கேட்பார்கள். கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று, "என்னக்கா பண்றது? பிடிச்சு வைக்கணுமா?" என்று கேட்டாள். அம்மா சிரித்தாள்.

"ஒரு சொம்ப புளி போட்டுத் தேச்சிக் கழுவுனா அப்பால அதுல ஊத்துற தண்ணி எப்டி கீது? பளபளன்னு கீதா இல்லியா? குழாயும் அது மாதிரிதான். ஞாயித்துக்கெழம வரப்போற தண்ணி மாதிரி இனிமே வருமோ வராதோ. இருக்குற பழைய தண்ணியெல்லாம் ஊடு கழுவி வுட்டுட்டு, பாத்திரத்தையெல்லாம் தேச்சிக் கவுத்து வெச்சிடு."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. கீழ் வீட்டு அக்கா மூலமாக இந்த யோசனை பிளாக் முழுக்கப் பரவியது. அடுத்த பிளாக்குக்கும் போனதாகக் கேள்வி. அப்பா மட்டும் ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதுக்கும் ஒரு அண்டா தண்ணி வெச்சிக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னார். "அழுக்குக் குழாயில புடிச்ச தண்ணியவா? புள்ளைக்கு ஊத்தவா?" என்று அம்மா கேட்டதும் அவர் ரசத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. கோடை இல்லை, வேகம் குறைய ஒரு காரணமும் இல்லை. எதிர் வீட்டில் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன நடக்கிறது என்று பார்த்துவர நானே கிளம்பினேன். யாரும் அனுப்பவில்லை.

அத்தை வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பார்த்தால் கூடம் முழுக்கப் பாத்திரம். பிளாஸ்டிக் டிரம், பித்தளை அண்டா, குடங்கள், பக்கெட்டுகள். அது போதாதென்று பிரஷர் குக்கர், எண்ணெய் டின், மகனைச் சின்ன வயதில் குளிப்பாட்டிய தொட்டி, கடைசியாக டிபன் கேரியர் அடுக்குகள்கூட வரிசையாக நிரம்பி இருந்தன. நடக்க இடமில்லாமல் மாமா கட்டில் மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் ஓடிவந்து சொன்னேன். அம்மா வாசலுக்கு வந்து கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு. அதுக்கு இத்தினி தண்ணி. என்னா ஆசையோ!"

ஞாயிறு காலை அத்தை பதில் சொன்னாள். பால்காரர் வந்தபோது, தேவைக்கு மேல் சத்தமாக, "கேட்டீராவே? குழாய் கழுவுத அன்னைக்கு இருக்க தண்ணியக் கொட்டுதவங்களும் ஒலகத்துல இருக்காங்க! எங்க பழைய காலனியில நான் பாத்திருக்கேன். கழுவுனா மொதல்ல கலங்கல்தாம் வரும். துருவும் சேறுமா வரும். புத்தியுள்ளவ ஒரு சொட்டு கொட்ட மாட்டா" என்றாள். பால்காரர் வண்டலூர்ப் பக்கத்தவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது. அதாவது, புத்தியில்லாதவள் என்று தன்னைச் சொன்னது மட்டும் புரிந்தது. அதற்கு முந்தின நிமிஷம் வரை சமையலறை மூலையில் ஒரு தவலைத் தண்ணீரை, அப்பா சொன்னதற்காகவோ என்னவோ, கொட்டாமல்தான் வைத்திருந்தாள். இதைக் கேட்டதும் போய் அதை இரண்டு கையாலும் தூக்கிவந்தாள். எதிர் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்படி மாடிப்படியில் கொட்டி, துடைப்பத்தால் சரசரவென்று தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் குடிக்க ஒரு சொம்பு, சித்திக்குப் பிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர், அவ்வளவுதான். வீடு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. குடங்களெல்லாம் புளி போட்டுத் துலக்கிப் பொன் மாதிரி கவிழ்ந்திருந்தன. அப்பா விடியற்காலையில் மார்க்கெட்டில் வாங்கிவந்த கறி, கழுவத் தண்ணீருக்காகத் தட்டு மூடிக் காத்திருந்தது.

ஒன்பதரைக்குக் குழாய் முதலில் இருமியது. பிறகு புஸ்ஸென்று காற்று. அம்மா முதல் குடத்தைக் குழாயடியில் வைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் குங்குமமும் அதன் கழுத்தில் வைத்திருந்தாள். காற்று நின்றது. குழாய் ஒரு உலுக்கு உலுக்கி, டீக்கடையில் கடைசியாக வடிக்கிற டிக்காஷன் மாதிரி ஒன்றைக் குடத்துக்குள் துப்பியது. இரும்பு வாசனை வீடெல்லாம் பரவியது.

"மொத தண்ணி அப்டித்தான். வெளுக்கும்" என்றாள் அம்மா. திறந்து விட்டுப் பார்த்தோம். டிக்காஷன் டீயானது. டீ மறுபடி டிக்காஷனானது. நடுநடுவே கறுப்பாகத் துகள் வந்தது. அம்மா குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டினாள். துணி காவி நிறமாகி, உப்பி, அறுந்து விழுந்தது. ஒரு குடத்தில் படிகாரத்தைப் போட்டுக் கலக்கினாள். அது தெளியும்போது சித்தி குழந்தைக்கே கல்யாணம் ஆகியிருக்கும். வருஷக் கணக்காகக் குழாயின் அடியில் அசையாமல் படிந்து கிடந்ததை வேகமாகத் தண்ணீர் விட்டுக் கிளப்பியிருக்கிறார்கள். கிளம்பினது வெளியே வர எங்கள் வீட்டுக் குழாயைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? இப்போது எனக்கு விளங்குகிறது. அன்று அம்மாவுக்கே குழாய் செய்த துரோகமாகத்தான் தெரிந்தது.

கீழேயிருந்து சத்தம் கிளம்பியது. ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். "நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா கொட்டினேன்" என்று கீழ் வீட்டு அக்கா அழாத குறை. அவள் கணவருடைய வெள்ளைப் பேண்டைக் குழாய்த் தண்ணீரில் அலசி, காவி பிடித்ததும் பயந்து பிளீச்சிங் பவுடரைப் போட்டிருக்கிறாள். அது இன்னும் அழுத்தமாக மஞ்சள் பூத்து, பேண்ட் இனிமேல் எந்த ஆபீஸுக்கும் போக முடியாத நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா எல்லாருக்கும், "வெளுத்துரும், வெளுத்துரும்" என்று சொல்லி அனுப்பினாள். குரல் மட்டும் பழையபடியே இருந்தது. முகம் அப்படி இல்லை.

அப்பாவை சைக்கிளில் இரண்டு குடத்தோடு தெருக்கோடி அடிபம்புக்கு விரட்டினாள். அது உப்புத் தண்ணீர்; குழந்தைக்கு ஊற்ற முடியாது, கறியாவது கழுவலாம். அங்கே குவார்ட்டர்ஸ் மொத்தமும் வரிசையில் நிற்பது மாடியிலிருந்தே தெரிந்தது. அந்த வரிசையின் வாலில் போய் அப்பா அமைதியாகச் சேர்ந்துகொண்டார். அப்படி நிற்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. சித்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதாள். "வுடுக்கா. கேட்டா கேட்டுக்குறேன். எனக்கு இன்னா புதுசா?" என்றாள். அதைக் கேட்டதும் அம்மா கவிழ்த்து வைத்த குடங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பகலில் வெறுமனே உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. 

எதிர் வீட்டில் ஒரு டிரம் தண்ணீர் இருக்கிறது. இந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. நடுவில் ஒரு பாய் அகலம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. எழுந்து போய் அத்தை வாசலில் நின்றேன்.

"அத்தை, அம்மா கொஞ்சம் தண்ணி கேட்டாங்க."

அம்மா கேட்கவே இல்லை. ஆனால் தூது போகிறவர்கள் ஆரம்பத்தில் இப்படி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை அடுக்களையிலிருந்து வந்தாள். அவளுக்கு எப்போதுமே பெரிய குரல்.

"ஒங்கம்மையா கேட்டா? வாயத் தெறந்து கேட்டாளா? அப்ப அவளையே வந்து கேக்கச் சொல்லுட்டி."

நான் திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தேன். இதை இப்படியே சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. அதனால் கொஞ்சம் திருத்தினேன். "அம்மா, அத்தை தண்ணி எடுத்துக்கச் சொல்றாங்க. எவ்ளோ வேணும்னு கேக்குறாங்க."

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "அவ தண்ணி எனக்கு இன்னாத்துக்கு? அந்தத் தண்ணி இந்த ஊட்டு வாசப்படியத் தாண்டக் கூடாதுன்னு சொல்லு."

மறுபடி எதிர் வாசல். "அத்தை, அம்மா மூணு குடம் போதும்னாங்க. ரொம்ப தேங்க்ஸ்னு சொன்னாங்க."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். "தேங்க்ஸா? ஒங்கம்மையா?"

"ஆமா அத்தை."

"சரித்தான். கழுவுத அன்னைக்குத் தண்ணியக் கொட்டுன புத்திசாலிக்கு மூணு கொடம் எப்படிட்டி பத்தும்னு கேளு."

"அம்மா, மூணு கொடம் பத்தாது, இன்னும் எடுத்துக்கோங்கன்னு அத்தை சொல்றாங்க. நீங்க ரொம்ப புத்திசாலின்னு சொன்னாங்க."

 அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சித்தியைப் பார்த்தால், ஈரக் கண்ணோடு அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. கதவுகள் இரண்டும் திறந்திருந்ததைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர் வீட்டிலிருந்து முதல் குடம் வந்தது. அத்தை இடுப்பில் தூக்கிவந்து, எங்கள் வாசற்படிக்கு வெளியே, சரியாக அதை ஒட்டி இறக்கி வைத்தாள். உள்ளே காலடி வைக்கவில்லை. ஒரு பார்வை பார்க்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள். வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அம்மா சொன்னதை நான் சொல்லவே இல்லையே, இருந்தும் ஏன் வெளியிலேயே வைக்கிறாள் என்று ஒரு நொடி குழம்பினேன். கூச்சமாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அம்மா எழுந்து வந்து அந்தக் குடத்தைப் பார்த்தாள். அடி வரை தெரிகிற தண்ணீர். காலால் தள்ளிவிடுவாளோ என்று பயந்தேன். குனிந்து, தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் அடுத்த குடம் வாசலில் இருந்தது. அப்புறம் பக்கெட், அப்புறம் குக்கர். அத்தை வைப்பாள், அம்மா எடுப்பாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு சொட்டு சிந்தாமல். அடுப்பில் அண்டா ஏறியது. கறி கழுவிச் சட்டிக்குப் போனது. அப்பா அடிபம்புத் தண்ணீரோடு வேர்த்து வழிந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அந்த இரண்டு குடத்தையும் அப்படியே கீழ் வீட்டு அக்காவுக்கு இறக்கச் சொன்னாள். அவரும் ஒரு கேள்வி கேட்காமல் இறக்கினார்.

பூந்தமல்லி ஆட்கள் மத்தியானம் வந்தார்கள். கீழே குழாயடியில் ஓடிக்கொண்டிருந்த காவித் தண்ணீரைத் தாண்டித்தான் படியேற வேண்டும். சித்தியின் மாமியார் புடவையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் பாதி சிரிப்போடு ஏறி வந்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது. வந்து உட்கார்ந்ததும் அம்மா கொடுத்த சொம்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையால் ஏந்தி ஊற்றினார். குழந்தை கத்தியது, ஊற்றினார், இன்னும் கத்தியது, இன்னும் ஊற்றினார். தண்ணீர் பளிங்காக ஓடியது. அம்மா கதவோரம் நின்று, ஒவ்வொரு சொம்புக்கும் மூச்சு விட்டாள்.

"இன்னாம்மா இது?" என்று கடைசியில் கேட்டேவிட்டார் அந்த அம்மாள். "கீழ எல்லாம் டீத்தண்ணி ஊத்திகினு கீது. உன் ஊட்ல மட்டும் எப்டி கெணத்துத் தண்ணியாட்டம் கீது?"

அம்மா நினைத்திருந்தால், "நான் முன்கூட்டியே பிடித்து வைத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது என்று இல்லை. ஆனால் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"எதுத்த ஊட்ல எங்க அக்கா கீறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க. அவங்க புடிச்சி வெச்ச தண்ணி. இல்லாகாட்டி இன்னிக்கி எம் மானம் போயிருக்கும்."

எதிர் வீட்டில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. ஜாடைப் பேச்சில் நல்ல வார்த்தையும் சொல்ல முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தாள். கையில் டிபன் கேரியர் அடுக்கு, அதில் தண்ணீர். இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, "தலைக்கு ஊத்துத கடைசித் தண்ணி கொஞ்சம் ஆறி இருக்கணும்லா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மாமியார் பக்கத்தில் வைத்தாள். அம்மா அவளுக்கும் ஓர் இலை போட்டாள். இரண்டு பேரும் அப்போதும் நேராகப் பேசவில்லை. "அத்தைக்குக் கறி வைக்கச் சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். "போதும்னு சொல்லுட்டி" என்றாள் அத்தை என்னிடம். பதவி போய்விடவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் சித்தியும் குழந்தையும் பூந்தமல்லிக்குக் கிளம்பினார்கள். மாமியார் ஒரு குறை சொல்லவில்லை. அம்மா படியில் நின்று கை காட்டிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே குக்கரையும் குடங்களையும் துடைத்து, அத்தை வீட்டில் கொடுத்துவரச் சொன்னாள்.

அங்கே போனால் கூடம் வெறிச்சென்று இருந்தது. டிரம் காலி. அண்டா காலி. குளிப்பாட்டுகிற தொட்டி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. மாமா ஓவர்டைம் முடிந்து வந்து, இன்னும் கலங்கலாக வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை குடிக்கிற தண்ணீருக்காகக் கலங்கலை அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டு, துணியில் வடிகட்டினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு பிடித்து வைத்துவிட்டு, தனக்கென்று ஒரு சொம்புகூட எடுத்து வைக்காத ஆளை என்ன சொல்வது?

"நீங்க ரெண்டு பேருதானே அத்தை? எதுக்கு அவ்ளோ தண்ணி பிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

அத்தை நான் கொண்டுபோன குடத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "கைப்பிள்ள இருக்க வீடுல்லா? எவ்வளவு பிடிச்சாலும் பத்தாதுட்டி" என்றாள்.

நான் சுற்றிப் பார்த்தேன். அந்த வீட்டில் கைப்பிள்ளை எங்கே இருக்கிறது? இருந்த ஒரே பிள்ளை மீசை வைத்துக்கொண்டு திருச்சியில் இருந்தான். காலையிலிருந்து குடம் தூக்கித் தூக்கி அத்தைக்கு அசதியில் ஏதோ குழம்பிவிட்டது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

"இன்னாடி சொன்னாங்க?" என்றாள் அம்மா.

அன்று காலையிலிருந்து நான் கொண்டுபோன எல்லா வார்த்தையிலும் கொஞ்சம் கைவேலை செய்திருந்தேன். இதில் செய்ய ஒன்றுமில்லை. அப்படியே சொன்னால்தான் வேடிக்கை. எதற்கு அவ்வளவு தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டதையும், அத்தை சொன்ன பதிலையும், அவள் மாதிரியே இழுத்துச் சொல்லிக் காட்டிவிட்டு, "அவங்க வீட்ல ஏதும்மா கைப்புள்ள?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் தாண்டாத அந்தப் பாய் அகலத்தைத் தாண்டி, எதிர் வீட்டுக்குள் போய், "அக்கா" என்று கூப்பிட்டாள். கதவோரம் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு நான் திருத்திச் சொன்ன வார்த்தைகளுக்கெல்லாம் அசையாத அம்மா, அத்தை குழம்பிப்போய்ச் சொன்ன ஒரு பேச்சுக்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.